ஒட்டின விலை

கடையில் எல்லோரும் அவளை விலையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று மாடிப் பல்பொருள் கடை அது. தரைக்குக் கீழே, கிடங்குக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் உட்கார்ந்து வருகிற சரக்குக்கெல்லாம் விலை ஒட்டுவது அவள் வேலை. சோப்பிலிருந்து சூட்கேஸ் வரை எதுவும் அவள் கை படாமல் மேலே போகாது. ஒட்டுவதில் மட்டுமல்ல, உரிப்பதிலும் மகா கெட்டிக்காரி. தள்ளுபடி நேரத்தில் பழைய ஸ்டிக்கரை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டியிருக்கும். மற்றவர்கள் நகத்தால் பிறாண்டி அட்டைப் பெட்டியையே கிழித்து வைப்பார்கள். இவள் கட்டைவிரல் நகத்தை ஒரு மூலையில் கொடுத்து மெல்ல ஓர் இழுப்பு இழுத்தால், பசைத் தடம்கூட இல்லாமல் முழுசாக வந்துவிடும்.

அந்தக் கைத்திறமையை வீட்டில் எதற்குப் பயன்படுத்தினாள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் வீட்டுக்காரர் மின்சார ஆபீசில் மீட்டர் படிக்கிறவர். ஆபீசில் அவருக்குப் பெயரே மீட்டர்தான். தோளில் ஒரு பை, சட்டைப் பையில் ஒரு டார்ச். காலையில் கிளம்பினால் தெருத் தெருவாக, மாடி மாடியாக ஏறி இறங்கிவிட்டு, சாயங்காலம் வந்து காலைத் தூக்கி ஸ்டூல் மேல் போட்டுக்கொள்வார். ஆபீசில் வைத்த பெயர் வீட்டுக்கும் பொருந்திப் போனதுதான் விலையக்காவின் தலைவிதி. வாசலைத் தாண்டி ஒரு பொருள் உள்ளே வந்தால் போதும், மனுஷனுக்குள்ளே சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும்.

"என்ன விலை?"

விலையைச் சொன்னால், "அதிகம்தான். கொஞ்சம் பேசியிருந்தா குறைச்சிருப்பான்" என்பார்.

எந்தப் பொருளுக்கும், எந்த விலைக்கும் இதே பதில். "ஸ்டிக்கர் ஒட்டின கடையில யார்கிட்டங்க போய்ப் பேசறது?" என்று அவள் கேட்டுப் பார்த்திருக்கிறாள். "கேட்டாத்தானே தெரியும்" என்பார். அவர் ஜென்மத்தில் எந்தக் கடையிலும் கேட்டதில்லை, அது வேறு விஷயம்.

இதை வைத்து நீங்கள் அவரைக் கஞ்சன் என்று முடிவு கட்டினால் எனக்குக் கோபம் வரும். ஆபீசில் ஒருவனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் ஆளாகப் பையில் கைவிடுவது அவர்தான். தனக்கென்று வரும்போதுதான் அந்தக் கை மரத்துப் போகும். காரணம் இல்லாமல் இல்லை. இத்தனை வருஷ வேலையில் அவர் பார்க்காத வீடு கிடையாது. போன மாதம் புதுத் திரைச்சீலையும் சுவரகல டிவியுமாகப் பளபளத்த வீட்டில், இந்த மாதம் பணம் கட்டவில்லை என்று ஃப்யூஸைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த வீட்டுப் பிள்ளைகள் மாடிப்படியில் நின்று பார்த்த பார்வை அவருக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதை உரிக்க விலையக்காவாலும் முடியவில்லை.

எல்லாம் ஒரு தலையணையில் ஆரம்பித்தது.

அவருக்குக் கழுத்து வலி. அவள் நல்ல தலையணையாகப் பார்த்து ஒன்று வாங்கி வந்தாள். விலை ஆயிரத்து இருநூறு. அப்போது அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, உள்ளதை உள்ளபடி சொன்னாள். மனுஷன் இரவெல்லாம் புரண்டார். ஆயிரத்து இருநூறின் மேல் தலை வைத்துத் தூங்குவது எப்படி? காலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"இது நமக்கு ஒத்துக்கல. பிடிச்சுக்கிச்சு. திருப்பிக் குடுத்துடு."

அவளுக்கு எரிச்சல் வந்தது. தலையணையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். சாயங்காலம் அதே தலையணைக்கு வேறு உறை போட்டுத் திரும்பக் கொண்டுவந்து, "இது நூத்தி இருபதுதாங்க" என்றாள். "அதிகம்தான்" என்று முனகிவிட்டுப் படுத்தவர், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி குறட்டை விட்டார். காலையில் சோம்பல் முறித்தபடி வந்து அவளுக்குப் பாடம் வேறு எடுத்தார்.

"பாத்தியா? காசுல ஒண்ணும் இல்ல. முன்ன வாங்கினியே, அதெல்லாம் ஒரு தலையணையா?"

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அன்றைக்குச் சிரித்திருந்தால் குட்டு அன்றைக்கே உடைந்திருக்கும்.

அந்தச் சமயம் பார்த்துக் கடைக்குப் புது ஸ்டிக்கர் மெஷின்கள் வந்தன. கழித்துப் போட்ட பழையது ஒன்றை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, வீட்டில் தையல் மெஷின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். வாயால் சொன்னதை மீட்டர் அரைகுறையாகத்தான் நம்புவார். எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டால் மறுபேச்சு கிடையாது. தொழில் புத்தி அது. அதனால் வீட்டுக்கு வரும் முன் கடை ஸ்டிக்கர் உரிக்கப்படும், வீட்டுக்குள் புது ஸ்டிக்கர் ஏறும். கணக்கு குழம்பாமல் இருக்க அவள் ஒரு சுலப வழி வைத்திருந்தாள். கடைசிப் பூஜ்யத்தை எடுத்துவிடுவாள். அவ்வளவுதான்.

இப்படித்தான் அந்த வீட்டுக்குக் கனமான போர்வை வந்தது. அடிப்பிடிக்காத வாணலி வந்தது. முதுகைத் தாங்கும் நாற்காலி வந்தது. மூக்கை அழுத்தாத கண்ணாடி வந்தது. மீட்டர் எல்லாவற்றையும் சுகமாக அனுபவித்தார். "நம்ம வீட்ல பாரு, எல்லாமே சல்லிசு" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினார்.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து என்று கேட்பீர்கள். சரக்குக் கணக்கெடுக்கும் நாட்களில் கடையில் கூடுதல் சம்பளம் உண்டு. அதிலிருந்துதான் செலவு. இருவரும் சேர்ந்து வங்கியில் போடும் பணத்தில் அவள் பங்கு ஒரு மாதம்கூடக் குறைந்தது கிடையாது. அந்த விஷயத்தில் அவளும் மீட்டருக்குச் சளைத்தவள் அல்ல. அது போக, ஊழியர் சங்கத்தில் அவள் பேருக்குத் தனியாக ஒரு சேமிப்பும் இருந்தது. அதற்கு அவள் வைத்த பெயர் 'கடல்'.

ஜன்னல் இல்லாத அறையிலேயே காலத்தை ஓட்டியதாலோ என்னவோ, அவளுக்கு ஒரே ஆசை. பெரிய ஜன்னல் வேண்டும், அதற்கு வெளியே கடல் வேண்டும், ஒரு வாரம் எதையும் ஒட்டாமல், எதையும் உரிக்காமல் அதன் முன்னால் உட்கார வேண்டும். முப்பத்தோராயிரம் சேர்ந்துவிட்டது. போய்வரத் தாராளமாகப் போதும். ஆனால் மீட்டரை எப்படிக் கிளப்புவது? தலையணைக்கு ஒட்டலாம். ஓட்டல் அறைக்கு எங்கே ஒட்டுவது? இந்தக் கவலை பில் போடுகிற சிநேகிதிக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த நிலைமையில்தான் ஷூ வந்து சேர்ந்தது.

படியேறிப் படியேறி மீட்டரின் குதிகால் தேய்ந்து போயிருந்தது. "நல்ல ஷூ போடுங்க. இல்லன்னா கொஞ்ச நாள்ல கம்பு ஊனித்தான் மீட்டர் படிக்கப் போவீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கடையிலேயே உயர்ந்த ஜோடியாக எடுத்தாள். நாலாயிரத்து எண்ணூறு. வீட்டுக்குள் நுழையும்போது நானூற்று எண்பது.

மீட்டர் ஷூவை மாட்டிக்கொண்டு அறைக்குள் இரண்டு சுற்று நடந்தார். முதல்முறையாக அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இவ்வளவு நல்ல ஷூ எப்படி இந்த விலைக்கு?"

"ஸ்டாஃப் விலைங்க" என்றாள் அவள், யோசிக்காமல்.

பொய் சொல்கிறவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள். எண்ணோடு நிறுத்தியிருக்க வேண்டும். காரணம் சொன்னாள் பாருங்கள், அங்கேதான் வினை.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மீட்டர் பையிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்துத் தரையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். எல்லாம் பழைய மின்கட்டண பில்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பேனாவால் சுற்றி வரைந்த ஒரு பாதம். ஒன்று அகலம், ஒன்று நீளம், ஒன்றில் சுண்டுவிரல் தனியாக வெளியே எட்டிப் பார்த்தது. கூடத்தில் ஏழு பேர் நிற்கிற மாதிரி இருந்தது.

"என்னங்க இது?"

"நம்ம ஆபீஸ் பசங்க கால். என் ஷூவைப் பார்த்துட்டு ஒரே நச்சரிப்பு. ஸ்டாஃப் விலையில எல்லாருக்கும் ஒரு ஜோடி எடுத்துத் தரேன்னு சொல்லிட்டேன். காசுகூட வாங்கியாச்சு." ஒரு கவரை எடுத்து அவள் மடியில் வைத்தார். "இந்தா, ஏழு நானூத்தி எண்பது. எண்ணிக்கோ."

அவள் கவரைத் திறக்காமல் தரையில் கிடந்த பாதங்களைப் பார்த்தாள்.

"ஒருத்தன் ஒரு காலுதான் வரைஞ்சிருக்கான்" என்றாள், பேச்சை எங்கேயாவது திருப்பலாமா என்று.

"அது லேட்டு. இன்னொரு காலும் இதே மாதிரிதானாம்."

லேட்டு என்பவன் மீட்டரோடு வேலை பார்க்கிற பையன். எங்கேயும் நேரத்துக்கு வந்ததில்லை என்பதால் அந்தப் பெயர்.

"அந்த ஷூ ஸ்டாக் தீர்ந்துபோச்சுங்க."

"யார் சொன்னா? போன வாரம் ஒரு புகாருக்கு உங்க கிடங்கு மீட்டரைப் பார்க்க வந்தேனே. மீட்டர் பெட்டியையே மறைச்சு அடுக்கி வச்சிருக்காங்க. நாந்தான் நகர்த்தினேன்."

"ஸ்டாஃபுக்கு ஆளுக்கு ஒரு ஜோடிதான் தருவாங்க."

"உங்க ஸ்டாஃப்ல எத்தனை பேர் ஷூ போடறாங்க? அவங்க பேர்ல எடு." அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பாவம்மா, பசங்க. எல்லாருக்கும் என்னை மாதிரி கால் வலிதான். எனக்குக் கிடைச்சது அவங்களுக்கும் கிடைக்கட்டுமே."

அவர் மட்டும் சிடுசிடுத்திருந்தால் அவள் அங்கேயே உண்மையைப் போட்டு உடைத்திருப்பாள். இப்படி ஆசையாகப் பேசுகிற மனுஷனிடம் எதைச் சொல்வது? ஷூ பொய் என்றால் நாற்காலி பொய், கண்ணாடி பொய், தலையணை பொய். அப்புறம் இந்த ஜென்மத்தில் அவர் ஒரு சுகத்தையும் தொட மாட்டார். குதிகால் கிழிந்த பழைய செருப்போடு மறுபடி மாடி ஏறுவார்.

மறுநாள் சிநேகிதியிடம் போய்ப் புலம்பினாள். பில் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து சிநேகிதி கணக்குப் போட்டாள்.

"அவர் குடுத்த காசு போக முப்பதாயிரத்துச் சொச்சம் போடணும். உங்ககிட்ட எங்கே இருக்கு அவ்வளவு?"

விலையக்கா மேஜை ஓரத்தில் கிடந்த ஸ்டிக்கர் ஒன்றை உரிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, கடலையா? ஏழு பேர் காலுக்கு உங்க கடலைத் தூக்கிக் குடுக்கப் போறீங்களா? உங்களுக்கென்ன மூளை குழம்பிடுச்சா?"

"கடல் எங்கேயும் போயிடாது" என்றாள் விலையக்கா. சொல்லிவிட்டாளே தவிர, சங்கத்தில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கியபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் சேர்த்தது, ஒரு கவருக்குள் அடங்கிவிட்டது.

புதன்கிழமை மத்தியானம் தள்ளுவண்டியில் ஏழு பெட்டிகளை அடுக்கிக்கொண்டு பில் போட வந்து நின்றாள். கடை மீட்டரைப் படிக்க வியாழக்கிழமைதான் ஆள் வரும் என்று ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். அவள் விசாரிக்காதது ஒன்றே ஒன்று. அன்றைக்கு லேட்டு லீவு போட்டுவிட்டான், அவன் பகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதால் மீட்டர் ஒருநாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார். வழக்கமாக லேட்டாக வருகிறவன், அன்றைக்கு வராமலே காரியத்தைக் கெடுத்தான்.

டார்ச்சை அணைத்தபடி கிடங்குப் படியேறி வந்த மீட்டர் அவளைப் பார்த்தார். தள்ளுவண்டியைப் பார்த்தார். மேல் பெட்டியில் அவள் கையாலேயே நேராக, அழகாக ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்தார். மீட்டர் படிக்கிற அதே குரலில் படித்தார்.

"நாலாயிரத்து எண்ணூறு."

"அது கஸ்டமர் விலைங்க" என்றாள். குரல் எழும்பவில்லை.

சிநேகிதி கடைசிப் பெட்டியையும் பில் மெஷினில் காட்டிவிட்டாள். திரையில் பச்சை எண்கள் வந்து நின்றன. முப்பத்து மூவாயிரத்து அறுநூறு. விளக்கு எரிகிற எண்ணை நம்பாமல் இருக்க அந்த மனுஷனுக்குத் தெரியாது. அவர் குனிந்தார். ஷூவின் நாடாவை அவிழ்த்தார். இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பளிங்குத் தரையில், கட்டைவிரல் ஓட்டை போட்ட காலுறையோடு நின்றார்.

"போட்டுக்குங்க. தரை ஈரம்."

"எத்தனை நாளா?"

"தலையணையிலேர்ந்து."

"நாற்காலி?"

"ஒரு பூஜ்யம் சேர்த்துக்குங்க."

"கண்ணாடி?"

"எல்லாத்துக்கும் ஒரு பூஜ்யம்தான்."

மீட்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஒன்றும் தெரியவில்லை போலும், திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"இதுக்குப் பணம்?"

அவளுக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. "நான் சேர்த்தது. கடலைப் பார்த்துக்கிட்டு ஒரு வாரம் உட்காரணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. அதுக்கு வச்சிருந்தேன். உங்க மூஞ்சியில அன்னிக்கு இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரல."

அவர் சிநேகிதியிடம், "பில்லை அழிச்சிடும்மா" என்றார். தள்ளுவண்டியை அவரே பிடித்து, காலுறையோடு தேய்த்துத் தேய்த்து நடந்து, ஏழு பெட்டிகளையும் எடுத்த இடத்தில் அடுக்கினார். "உன் கடலை எடுத்து இவனுங்க காலுக்கா ஊத்தப் பார்த்தே?" என்று ஒரு முறை உறுமினார். அந்தக் கோபம் யார் மேல் என்று அவளுக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "இதையெல்லாம் ஒட்டின மெஷின் எங்க?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு எடுத்துக் கொடுத்தாள். தன் பைக்குள் போட்டுக்கொண்டார். குப்பையில் போட்டுவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

அடுத்த சில நாட்கள் வீடு வீடாக இல்லை. மீட்டர் பழைய செருப்பில் நொண்டிக்கொண்டு போய் வந்தார். நாற்காலியை ஒதுக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். தலையணை இல்லாமல் படுத்தார். மூன்றாம் நாள் காலையில் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அப்படியே கோணலாகக் கொஞ்ச நேரம் தலையணையை முறைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் அதை எடுத்துத் தட்டினார்.

"காசு போயாச்சு. தலை வைக்காம விட்டா ரெட்டை நஷ்டம்."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. போட்ட காசை வசூல் செய்தாக வேண்டும் என்று வெறி வந்தவர் போல நாற்காலியை விட்டு எழவே மறுத்தார். போர்வைக்குள் கூடுதலாகத் தூங்கினார். ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கும் நடந்தே போனார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இதற்கிடையில் லேட்டு ஒருநாள் கடைக்கு வந்தான். கால் படம் வரைந்த பில்லோடு பணமும் திரும்ப வந்துவிட்டதாம்.

"என்னக்கா பண்ணினீங்க அவரை? மேஜை மேல ஷூவைத் தூக்கி வச்சு, 'இது நாலாயிரத்து எண்ணூறு, என் வீட்டம்மா எனக்குன்னு வாங்கினது, பேரம்கூடப் பேசல'ன்னு ஒவ்வொருத்தனையும் கூப்பிட்டுக் காட்டறார். தாங்க முடியல."

விலையக்கா அன்றைக்கு ஒட்டிய ஸ்டிக்கரில் பாதி தலைகீழாகப் போயிற்று.

சங்கத்துப் பணத்தை அவள் திரும்பக் கட்டப் போவதாகச் சொன்ன அன்றைக்குச் சாயங்காலம், மீட்டர் ஒரு பெரிய கவரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். உள்ளே ஓட்டல் ரசீது. இரண்டு பேர், ஏழு நாள், கடல் பார்த்த அறை. வாடகை எழுதியிருக்கும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர். கோணல்மாணலாக, ஓரம் சுருங்கி, ஒட்டத் தெரியாத கை ஒட்டினது. அதில் தொண்ணூற்றைந்து என்று இருந்தது. மீட்டர் ஒரு பூஜ்யத்தோடு நிற்கவில்லை போலும்.

"உன் காசைத் தொடாதே. அது சேமிப்பு" என்றார். "இது நான் எடுத்தது."

இத்தனை வருஷத்தில் வங்கியிலிருந்து அவர் பணம் எடுத்து அவள் கேள்விப்பட்டதே இல்லை. அவள் கட்டைவிரல் தானாகவே ஸ்டிக்கரின் மூலைக்குப் போய்விட்டது. ஓர் இழுப்பு இழுத்தால் போதும், அடியில் இருக்கிற எண் தெரிந்துவிடும். நகத்தைக் கொடுத்தாள். எதிரே மீட்டர் ஒன்றும் தெரியாதவர் போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். தூக்கியிருந்த மூலையை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

"தொண்ணூத்தஞ்சா? அதிகம்தான்" என்றாள். "கொஞ்சம் பேசியிருந்தா குறைச்சிருப்பான்."

"பேசினேனே" என்றார் மீட்டர். "முதல்ல நூத்தி இருபது சொன்னான்."